அவள் ஏன் பாடுவதில்லை

தம்பி,

போன ஞாயிறு பூசையில் உங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். உன் பெயர், அமலி பெயர், இரண்டு வீட்டுப் பெரியவர்கள் பெயர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லவும் என்று, எல்லாக் கல்யாணத்துக்கும் படிக்கிற அதே வரியைப் படித்தார்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அது என்னைப் பார்த்தே கேட்டது போல இருந்தது. பூசை முடிந்து எல்லாரும் கையைப் பிடித்துச் சந்தோஷம் சொன்னார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் நீ கத்தாரிலிருந்து போன் செய்தாய். அதையும் இதையும் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டாய்: "ஏம்மா, அமலி நல்லாப் பாடுவாளாமே? ஊருல நாலு பேரு சொல்லிட்டாங்க. அவளக் கேட்டா சிரிச்சிட்டுப் பேச்ச மாத்துறா. ஏன் பாடுறதில்லன்னு ஒனக்குத் தெரியுமா?" தெரியாது என்று சொன்னேன். தொண்டையில் ஏதோ கோளாறு என்று கேள்விப்பட்டதாகவும் சேர்த்துச் சொன்னேன். இரண்டும் பொய்.

முப்பது வருஷம் நம் ஊர் போஸ்ட் ஆபீசில் மற்றவர்கள் எழுதிய கடிதங்களுக்கு முத்திரை குத்தியிருக்கிறேன். உனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை, தேவையும் வந்ததில்லை. இதை மட்டும் போனில் சொல்ல முடியாது. பாதியிலேயே நீ "விடும்மா, பழசெல்லாம் எதுக்கு" என்பாய், நானும் விட்டுவிடுவேன். நீ ஊருக்குக் கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். உட்கார்ந்து முழுசாகப் படி.

அமலி பாடுவதை நிறுத்தியது நான்தான்.

உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் கோயில் பாடகர் குழுவில் முன்னால் நின்று பாடுகிறவள். அந்த இடத்துக்கு நான் எப்படி வந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. எனக்குக் குரல் கிடையாது. பன்னிரண்டு வயதில் உபதேசியார் எங்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பாட வைத்துப் பார்த்தார். அப்போதெல்லாம் கோயிலில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். என்னிடம் வந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ பின் வரிசையில நில்லு ஆத்தா, மெதுவாப் பாடு" என்றார். அந்த 'மெதுவா' என்ற சொல்லை நான் மறக்கவே இல்லை. எங்கள் அப்பா வயலில் மோட்டார் ரூம் ஒன்று இருந்தது. மோட்டார் ஓடும்போது உள்ளே யார் கத்தினாலும் வெளியே கேட்காது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் தினமும் அதற்குள் நின்று பாடுவேன். அந்த இரைச்சலை மீறி என் குரல் என் காதுக்கே கேட்கும்வரை பாடுவேன். ஆறு வருஷம் அப்படிப் பாடினேன். முன் வரிசைக்கு வந்தேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபிறகு குழுவே என் கைக்கு வந்தது. ஆனாலும் ஒருத்தர்கூட 'என்ன குரல்' என்று சொன்னதில்லை, தம்பி. "அக்கா தப்பில்லாமப் பாடுவாங்க" என்பார்கள். திருவிழாவுக்குத் திருவிழா, பாஸ்காவுக்குப் பாஸ்கா, இருபத்தைந்து வருஷம் தப்பில்லாமல் பாடினேன். புகழ்ச்சி என்று நினைத்துத்தான் அவர்கள் சொன்னார்கள்.

நீ நான்காவது படிக்கும்போது உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடச் சொல்லி, சுருதி விலகும்போதெல்லாம் ஸ்கேலால் முட்டியில் அடித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் படிப்பு வர வேண்டும், ஒழுக்கம் வர வேண்டும் என்று உன் அப்பாவிடம் காரணம் சொன்னேன். உண்மை அது இல்லை. எனக்குக் கிடைக்காதது உன் தொண்டையிலாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை என்று தெரிந்ததும் கோபம் வந்தது. அடுத்த வருஷம் நீ அழுதுகொண்டே "நான் கிரிக்கெட் வெளாடப் போறேம்மா" என்று சொன்னாய், விட்டுவிட்டேன். அன்றைக்கு என் மனசு லேசானது எனக்கே விசித்திரமாக இருந்தது. உனக்கு அது வராமல் போனதில் எனக்கு நிம்மதி இருந்திருக்கிறது. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

நாற்பத்தெட்டு வயதில் என் குரல் உடையத் தொடங்கியது. சளி என்று நினைத்தேன். மிளகுக் கஷாயம் குடித்தேன், தயிரை விட்டேன், ஐஸ் தண்ணீரை விட்டேன். திருச்சியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "வயசுக்கு வர்ற மாற்றம்தாம்மா, ஒண்ணும் பயப்பட வேண்டாம்" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு எது? கீபோர்டு வாசித்த சேவியரை உனக்குத் தெரியும், மேலத்தெரு, உன்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஒருநாள் ஒத்திகையில் உச்சிவரியில் நான் தடுக்கியதும் வாசிப்பதை நிறுத்தாமலே மெல்லக் கேட்டான்: "அக்கா, ஒரு கட்டை கொறச்சுக்குவமா?" அஞ்சரைக் கட்டைச் சுருதியில் பாடியவள் நாலரைக்கு இறங்கினேன். அவன் அதை வெளியே யாருக்கும் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பையன். அவனுக்கு நான் செய்ததையும் சொல்கிறேன்.

அந்த வருஷம்தான் அமலி வந்தாள். பத்தாவது முடித்திருந்தாள். அவள் அப்பா குவைத்தில், அம்மாவும் அவளும் தனியாக இருந்தார்கள். நீ அப்போது சென்னையில் பாலிடெக்னிக் முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு பதிலுரைப் பாடல் பாட வேண்டிய பெண் வரவில்லை. எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. பின் வரிசையில் நெல்லிக்காய் கடித்துக்கொண்டிருந்த இவள் "நான் பாடவா அத்தை?" என்றாள். "மெட்டு தெரியுமா?" என்றேன். "இப்ப நீங்க சொல்லிக்கிட்டு இருந்தீங்கள்ல, கேட்டேன்." கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டே மைக் முன்னால் போய் நின்றாள். ஒரு கையால் கொசு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டு பாடினாள். பூசை முழுவதும் வேப்பமரத்தடியில் பைக் மேல் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்கும் ஆம்பளைகள் உண்டே, அவர்கள் எழுந்து வாசல்வரை வந்து நின்றார்கள். இருபத்தைந்து வருஷத்தில் எனக்காக ஒருத்தன் அந்த மரத்தடியிலிருந்து எழுந்ததில்லை.

"எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்ல அத்தை. அதுவா வருது."

அதுவா வருகிறது. ஆறு வருஷம் மோட்டார் ரூமில் தொண்டை கிழிய நின்றவளிடம் இதைச் சொன்னாள். அவளிடம் திமிர் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நல்ல பெண்ணை வெறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது, தம்பி. நானும் தேடினேன். ஒத்திகைக்குத் தாமதமாக வருகிறாள், பாட்டுப் புத்தகம் கொண்டுவருவதில்லை, துப்பட்டாவைச் சரியாகப் போடுவதில்லை. வீட்டில் உன் அப்பாவிடம் இதையெல்லாம் புலம்புவேன். அவர் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஒனக்குத் தொண்டைதான போச்சு? மனசுமா போச்சு?" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்த வருஷத் திருவிழாப் பூசைக்குத் திருச்சியிலிருந்து ஒரு சாமியார் வந்தார். பக்திப் பாட்டுகள் பதிவு செய்கிறவர், புதுக் குரல் தேடுகிறார் என்று முன்கூட்டியே பேச்சு வந்துவிட்டது. காணிக்கைப் பாட்டைத் தனியாகப் பாட அமலியை நிறுத்தினேன். அக்காவுக்குப் பெரிய மனசு என்று எல்லாரும் சொன்னார்கள். பூசை தொடங்குவதற்கு முன்னால் சேவியரிடம் போய், "காணிக்கைப் பாட்டுக்கு ஆறரை வச்சிரு" என்றேன். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். "ஒத்திகைல அஞ்சரைலக்கா பாடுச்சு. புள்ளைக்கு ஏறாம நின்னுறப் போகுது." "நான் சொல்றத வையி." வைத்தான்.

அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் அவள் குரல் உடைவதைக் கேட்கக் காத்துக்கொண்டு நின்றேன். வேறு வார்த்தை போட்டு இதை மழுப்ப மாட்டேன். அவள் முதல் வரி தொடங்கினாள். ஒரு கணம் கண்ணைச் சுருக்கினாள், அவ்வளவுதான். உச்சிவரிக்கு வந்தபோது யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல அந்தக் குரல் இன்னும் மேலே போயிற்று. அஞ்சரையில் அவள் தன் குரலில் பாதியைத்தான் காட்டியிருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கெடுக்க நினைத்து நானே அதை ஊருக்குக் காட்டிக் கொடுத்தேன். பாடி முடித்து என் பக்கத்தில் வந்து நின்று, "இன்னைக்கு சுருதி கொஞ்சம் தூக்கலா இருந்துச்சுல்ல அத்தை? நல்லா இருந்துச்சு" என்று காதில் சொன்னாள். பூசை முடிந்ததும் அந்தச் சாமியார் நேராக என்னிடம் வந்தார். "நீங்கதான் இந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தீங்களாம்மா?" ஆமாம் என்றேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

பதிவுக்கு அவளைத் திருச்சிக்கு அனுப்புங்கள், படிப்பு முடிந்ததும் முறையாக இசை படிக்கவும் ஏற்பாடு செய்யலாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பாட்டு பழக வேண்டும் என்று சேவியரும் அவளும் சாயங்காலம் கோயிலில் உட்கார்ந்தார்கள். கதவு திறந்திருக்கும், பிள்ளைகள் மறைக்கல்விக்கு வந்து போய்க்கொண்டிருப்பார்கள். ஒளிவு மறைவு ஏதும் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் பால் சொசைட்டியில் அவள் அம்மாவைப் பார்த்தேன். கேனிலிருந்த பாலை ஊற்றிவிட்டுத் திரும்பியவளிடம், "புள்ளைய அங்கிட்டுத் தனியா விட்டுட்டு நீ இங்கிட்டு நிக்கிறியே? சேவியரும் வயசுப் பையன்தான. நான் ஒண்ணும் சொல்லல, ஊரு வாய்தான் பொல்லாதது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஊர் வாய் அதுவரை திறக்கவே இல்லை. நான்தான் திறந்தேன். புருஷன் வெளிநாட்டில் இருக்க, ஒற்றைப் பெண்ணை வைத்துக்கொண்டு பயந்து பயந்து வாழ்கிற பொம்பளைக்கு அது போதாதா? அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு அமலி பாட வரவில்லை. பிளஸ் டூவுக்குப் புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். திருச்சிப் பேச்சு அப்படியே நின்றது. அவள் மாமா ஒருத்தர் சேவியரைப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திச் சட்டையைப் பிடித்துவிட்டார். அவன் கீபோர்டைத் துணியால் மூடி வைத்துவிட்டுத் திருப்பூர் போனான். எனக்கு என் இடம் திரும்பக் கிடைத்தது. மறுபடியும் நாலரைக் கட்டையில் தப்பில்லாமல் பாடினேன். ஆம்பளைகள் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். மூன்று வருஷத்தில் அந்த நாலரையும் போயிற்று. இப்போது டிரம் பேடும் டிராக்கும் வைத்துப் பிள்ளைகள் பாடுகிறார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை அசைக்கிறேன். இதற்காகவா ஒரு பெண்ணின் வழியை அடைத்தேன் என்று அப்போதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பிள்ளைகளில் யாருக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்றுதான் என் காது இன்றைக்கும் முதலில் தேடுகிறது. கண்டுபிடித்ததும் நெஞ்சுக்குள் அந்தப் பழைய இடம் கடுக்கிறது. வயதானால் இதெல்லாம் அடங்கிவிடும் என்று சொல்கிறவர்களை நம்பாதே. உடம்புதான் அடங்குகிறது.

பிறகு நீ போன லீவில் அப்பாவைப் புதுக்கோட்டைக்குச் சர்க்கரை டெஸ்டுக்குக் கூட்டிப் போனாய். லேபில் ரத்தம் எடுத்த பெண் நம் ஊர்தான், ஊசி குத்தியதே தெரியவில்லை என்று அப்பா வந்து சொன்னார். ஆறு மாசம் கழித்து நீ போனில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னாய்: அமலி. நான் குறுக்கே நின்றேன். பெண் வேலைக்குப் போகிறாள், அவர்கள் வீட்டுப் பழக்க வழக்கம் நமக்கு ஒத்து வராது என்று ஏதேதோ சொன்னேன். நீ அதையெல்லாம் நம்பி என்னோடு சண்டை போட்டாய். ஒரு காரணமும் உண்மை இல்லை. அவள் முகத்தை என் வீட்டுக்குள் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஓலை வாசித்த மறுநாள், நீ போனில் கேட்டது மனசில் கிடந்து அரிக்க, கீரனூரில் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். லேபில் டோக்கன் வாங்கிக்கொண்டு நோயாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தாள். "என்ன அத்தை, ஒடம்புக்கு என்ன?" ஒன்றுமில்லை, உன்னிடம் பேச வேண்டும் என்றேன். சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படி அடியில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். ஆறரைக் கட்டை, திருச்சிச் சாமியாரிடம் சொன்ன பொய், பால் சொசைட்டி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன், அழவும் இல்லை.

அவள் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, "சொசைட்டில நீங்க சொன்னது தெரியும் அத்தை. அம்மா அன்னைக்கே சொல்லிருச்சு" என்றாள்.

"தெரிஞ்சுமா என் மகனக் கட்டிக்கிறேன்ன?"

"அவரு என்ன பண்ணாரு? நீங்கதான பண்ணீங்க."

"கோவம் வரலையா ஒனக்கு?"

"வந்துச்சு. ஹாஸ்டல்ல கொஞ்ச நாள் அழுதேன். அப்புறம் போயிருச்சு. எனக்குப் பாட்டுன்னா உங்க அளவுக்கெல்லாம் கெடையாது அத்தை. பாடுனா வரும். பாடலன்னா ஒண்ணும் தோணல. ஊருல ஒரு பேச்சு வந்துச்சுல்ல, இனி வேணாம்னு விட்டுட்டேன்." சோற்றில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். "நீங்க காலைலருந்து சாப்பிட்டுருக்க மாட்டீங்க. சாப்பிடுங்க."

அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். என் உயிரையே கொடுத்து வாங்கியிருப்பேனே, அந்தக் குரலை அவள் கழற்றி வைத்துவிட்டு நடந்துபோனாள் என்றால் அதைவிடப் பெரிய அடி எனக்கு இல்லை. அல்லது என் மனசு நோகாமல் இருக்கச் சொன்ன பொய்யாக இருக்கலாம். அப்படியென்றாலும், எனக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வந்திருக்காது. மன்னிப்பதையும் அவள் ஒத்திகை பார்க்காமலே செய்தாள், தம்பி. அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே அதற்கும் பொறாமைப்பட்டேன். என்னைப் போன்றவளுக்கு மன்னிப்புக் கிடைத்தாலும் இப்படித்தான் தொண்டையில் நிற்கும் போலிருக்கிறது.

கிளம்பும்போது மட்டும் அவள் குரல் மாறியது. "எனக்குச் சரி அத்தை. சேவியர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவரு எங்க கல்யாணத்துக்கு வரணும்." நம்பரும் கொடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலமே பேசினேன். அவன் முடிவுவரை கேட்டான். பின்னால் பனியன் கம்பெனி மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "வேற ஒண்ணும் இல்லையேக்கா?" என்றான். இல்லை என்றேன். வைத்துவிட்டான். மறுபடி இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. அது எனக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. சட்டென்று மன்னிக்க வராத என்னைப் போல ஒரு மனுஷனாவது இருக்கிறானே. நீ ஊருக்கு வந்ததும் திருப்பூருக்கு நேரில் போய் அவனைக் கூப்பிடு. என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போ. அவன் உன்னைத் திட்டினால் வாங்கிக்கொள். நீ செய்யாத தப்புதான், ஆனால் என் கைச் சோற்றைத் தின்று வளர்ந்திருக்கிறாய்.

இனி உன்னிடம் கேட்க வந்தது. கல்யாணம் முடிந்து நாற்பது நாளில் கத்தார் திரும்புவாய், அவளுக்கு விசா வர எட்டு மாசமோ ஒரு வருஷமோ ஆகும், அதுவரை அம்மாவுக்குத் துணையாக நம் வீட்டில் இருக்கட்டும் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். வேண்டாம். லேபுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார். இல்லையென்றால் அவள் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும். ஊர் என்ன சொல்லுமோ என்று பார்க்காதே. அந்த ஊர் வாயைத் திறந்துவிடத் தெரிந்தவளே உனக்குச் சொல்கிறேன். எங்களுக்குச் சண்டை வராது. அவள் சண்டைக்காரி இல்லை, நானும் வாயை அடக்கிக்கொள்வேன். ஆனால் என்றைக்காவது ஒருநாள் துணி துவைக்கும்போதோ, அரிசி களையும்போதோ, தன்னை அறியாமல் அவள் வாயில் ஒரு பாட்டு வரும். வராமல் இருக்காது. அந்த நேரம் நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தால் என் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அவள் திரும்பிப் பார்த்தால் அதைப் பார்ப்பாள், உடனே நிறுத்திவிடுவாள். இரண்டாவது தடவையும் நானே நிறுத்தியதாகிவிடும்.

அவள் பாடும்போது பக்கத்தில் இருக்கிறவர் அதைக் கேட்டு வெறுமனே சந்தோஷப்படத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஐம்பத்தேழு வயதாகிறது, என்னால் அது முடியவில்லை. உனக்குப் பாட வராது. அவள் பாடினால் உனக்கு வலிக்கவும் செய்யாது. அவளோடு நீ இரு.

அம்மா